லொம்போக் அலையில் எங்கள் தேனிலவு

“தாலிய என்னம்மா பண்ணப்போற?” என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

திருமணம் முடிந்து ஒன்பதாவது நாள். கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக்காரர் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நானும் அத்தையும் சீர்ப் பாத்திரங்களைப் பழைய நாளிதழில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை இந்தோனேசியத் தீவான லொம்போக்கிற்கு விமானம். என் பயணப் பெட்டியில் ஒரே ஒரு சுடிதார்தான் இருந்தது. மீதியெல்லாம் முழுக்கை நீச்சல் சட்டை, முழுக்கால் நீச்சல் உடை, துண்டு, சன்ஸ்கிரீன். அத்தை எல்லாவற்றையும் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை, தாலியைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

அப்போது என் கழுத்தில் இருந்தது திருமணத்தன்று கட்டிய மஞ்சள் கயிறு. தாலி பெருக்கித் தங்கக் கொடியில் கோர்ப்பதை மூன்றாம் மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதுக் கயிறு ஒன்றை எடுத்து மஞ்சள் தேய்த்தார். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் கிழங்கை வேறொரு கயிற்றில் கட்டி எனக்குப் போட்டுவிட்டு, பழைய கயிற்றிலிருந்து தாலியை மட்டும் கழற்றிப் புதுக் கயிற்றில் கோர்த்தார். குண்டுமணிகளையும் காசுகளையும் ஒரு துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தார். வழக்கத்தைவிடக் குட்டையான கயிறு, இறுக்கமான முடிச்சு. “இது அறுந்து போகாது. ஆனா நீ பார்த்துக்க” என்றார். அவர் சொன்னது தாலியை மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

தேனிலவுக்கு அலைச்சறுக்கா, பலகையில் நின்று அலை மேல் சறுக்கவா என்று நிறைய பேர் கேட்டார்கள். இப்போது திருமணம் ஆகப்போகிற தோழிகள் சிலரும் அதையேதான் கேட்கிறார்கள்: எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவு, பயமாக இல்லையா என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். அங்கே முழங்காலுக்கு மேல் அலை வந்து நான் பார்த்ததில்லை. சுமத்ரா சுவர் மாதிரி குறுக்கே கிடப்பதால் இந்தியப் பெருங்கடலின் பெரிய அலைகள் மலாக்கா நீரிணைக்குள் வந்து சேர்வதில்லை. பினாங்கிலும் இதே கதைதான். கிழக்குக் கரையில் செராத்திங்கில் நல்ல அலை உண்டு, ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போதுதான். என் வீட்டுக்காரர் ஆறேழு வருடமாக நண்பர்களோடு அங்கே போய்ப் பழகியவர். எங்கள் திருமணமோ ஆவணியில். செப்டம்பரில் செராத்திங் கடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால் இந்தியப் பெருங்கடலை நேராகப் பார்க்கும் தெற்குக் கரை ஒன்று வேண்டும் என்று தேடினோம். பாலிக்கு அடுத்த தீவான லொம்போக் அமைந்தது.

அது சரியான தேர்வு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சொச்சம் விமானப் பயணம். அங்கேயும் நம் நேரம்தான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம். மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. மலாய் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். செப்டம்பர் 16 மலேசிய தினம் பொது விடுமுறை என்பதால் எங்களுக்கு விடுப்பில் ஒரு நாள் மிச்சமானது. மே முதல் அக்டோபர் வரை அங்கே வறட்சிக் காலம். அலைகள் நன்றாக வரும் காலமும் அதுவேதான். நடுவில் ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அதிகம், அலையும் பெரிது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு செப்டம்பர் கடைசி வசதியான காலம் என்று அங்கே எனக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் சொன்னார்.

முதலில் நீச்சல். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். “பலகை மிதக்கும், காலில் கயிறு கட்டியிருக்கும், நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கயிறு அறுந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். திருமணத் தேதி குறித்த நாளிலிருந்து மூன்று மாதம், வாரத்தில் மூன்று மாலை, அடுக்குமாடிக் குளத்தில் பயிற்சி செய்தேன். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், கால் தரையில் படாமல் பத்து நிமிடம் நின்ற இடத்தில் மிதக்கவும் வந்த பிறகுதான் விமானச் சீட்டு எடுக்க ஒத்துக்கொண்டேன். அதோடு ஒரு பழக்கம்: தண்ணீருக்குள் கரணம் அடித்து, எது மேல் எது கீழ் என்று குழம்பும்போது பதறாமல் இருப்பது. அலை நம்மைச் சுருட்டும்போது அந்த ஐந்தாறு விநாடிதான் பெரிய சோதனை. அசையாமல் இருந்தால் உடம்பு தானாக மேலே வரும். குளத்தில் பத்து தடவை செய்து பார்த்தவளுக்கே கடலில் முதல் தடவை நெஞ்சு அடைத்துக்கொண்டது. பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இன்னொன்று காப்புறுதி. நாங்கள் வாங்க இருந்த பயணக் காப்புறுதியின் பொடி எழுத்தை அவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். அலைச்சறுக்கு அதில் சேரவில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி அதையும் சேர்த்த திட்டத்தை எடுத்தோம். மோட்டார்சைக்கிளும் அப்படித்தான். லொம்போக்கில் எல்லோரும் மோட்டாரில்தான் சுற்றுகிறார்கள், வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் நம்மிடம் கார் லைசன்ஸ் மட்டும் இருந்து, மோட்டாருக்கான பி2 இல்லாவிட்டால், விழுந்து அடிபட்டாலும் காப்புறுதிப் பணம் வரும் என்று நம்ப முடியாது. அவரிடம் பி2 இருந்தது. அப்படியும் இரவில் நாங்கள் மோட்டார் எடுக்கவில்லை.

கூத்தாவில் தங்கினோம். பாலியில் இருக்கும் கூத்தா வேறு, இது தெற்கு லொம்போக்கின் சின்ன ஊர். போய் இறங்கியதும் என்னைத் தொட்டது அந்த மண்ணின் முரட்டுத்தனம். பச்சையை நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். செப்டம்பரில் குன்றுகள் எல்லாம் காய்ந்து சிங்கத்தின் தோல் நிறத்தில் இருந்தன. இரண்டு விரிகுடாவுக்கு நடுவில் கரும்பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முனைக்குப் போக ஏறி இறங்க வேண்டும். தஞ்சுங் ஆன் கடற்கரையில் மணல் மிளகு மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கிறது. அதன் பெயரே அங்கே மிளகு மணல்தான். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது.

முதல் நாள் பாடத்திற்கு செலோங் பெலானாக் போனோம். வளைந்த நீளமான கடற்கரை, அடியில் மணல், பாறை கிடையாது, அலை சின்னதாக வந்து நிதானமாக உடையும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை. ஆசிரியர் வைத்துக்கொள்ளாமல் அவரே எனக்குச் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அவருக்கு அது நெடுநாள் ஆசை. எனக்கும்தான்.

இரண்டு மணி நேரம். நான் ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. அவர் பின்னாலிருந்து “இப்போ துடுப்புப் போடு! இன்னும்! எழுந்திரு! காலைப் பார்க்காதே!” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவை விழும்போதும் நான் அலையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஏமாற்றமாக இருக்கிறாரோ என்று. கடைசியில் பலகையை மணலில் போட்டுவிட்டு, “நீங்க போய் உங்க அலைய பாருங்க, நான் உட்கார்ந்திருக்கேன்” என்றேன். அவர் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. திருமணத்துக்குப் பிறகு எங்களுக்குள் வந்த முதல் மௌனம் அதுதான், அது எனக்கு அலையைவிடப் பயமாக இருந்தது.

அன்று இரவு அறையில் உடை மாற்றும்போது நெஞ்செலும்பின் மேல் ஊதா நிறத்தில் ஒரு கன்றிய தடம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தாலியின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும்போது முழு எடையும் அதன் மேல்தான் இறங்கியிருக்கிறது. அவர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். “கழட்டி வெச்சிடு மா, யார் என்ன சொல்லப்போறாங்க” என்றார். எனக்குக் கழற்ற மனமில்லை. யாரும் சொல்வார்கள் என்பதற்காக இல்லை. கட்டிப் பத்துப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் உடனே, “முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கம்மா. முதுகுல கிடந்தா என்ன, கழுத்துலதானே இருக்கு” என்றார். மறுநாளிலிருந்து கயிற்றைத் திருப்பி, தாலியை நீச்சல் சட்டையின் முதுகுக்குள் விட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

அதே வரிசையில் மற்ற நகைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் மோதிரத்தை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் கழன்று போனால் கடலில் தேட முடியாது. என் மெட்டியைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. பலகையில் எழும்போது பின்னங்கால் விரல்கள் உரசிக்கொண்டு வரும். மெட்டிக்கடியில் மணல் புகுந்து, இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் இரண்டாவது விரல் வீங்கிவிட்டது. சோப்பு நுரை போட்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றி எடுக்கக் கால்மணி நேரம் ஆனது. போவதற்கு முன்பே, வீக்கம் இல்லாதபோது, கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பின்னலைக் கட்டுப்படுத்தத்தான் நான் தேய்த்துக்கொண்டு போனேன். எண்ணெய் வழிந்து பலகையில் பட்டு, கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. எண்ணெயைக் குளித்த பிறகு இரவில் தேய்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை அவரே போய் எனக்கு ஒரு ஆசிரியரை ஏற்பாடு செய்தார். உள்ளூர் சாசாக் இனத்து இளைஞர். ஒரு பாடத்திற்கு, பலகையும் நீச்சல் சட்டையும் சேர்த்து, நாங்கள் கொடுத்தது ஏறக்குறைய 110 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தண்ணீரில் இறங்குவதற்கு முன் அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, கடற்கரையின் அந்தக் கோடியைக் காட்டி, நீங்கள் அங்கே போய் விளையாடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இதுவரை கணவன் பக்கத்தில் இருக்கும்போது பலகையில் எழுந்து நின்ற மனைவியை நான் பார்த்ததில்லை என்று எனக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

அரை மணி நேரம் என்னைத் தண்ணீரில் விடவில்லை. மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இந்த அலை இங்கே பிறந்தது இல்லை, தெற்கே வெகு தூரத்தில், அண்டார்டிகா பக்கத்துப் புயலில் பிறந்து, பல நாள் கடலைக் கடந்து வருகிறது என்றார். அவ்வளவு தூரம் ஓடிவந்த அலை தனியாக வராது, கூட்டமாக வரும். ஐந்தாறு பெரியவை வரிசையாக, அப்புறம் ஒரு இடைவெளி. உள்ளே போவதற்கு அந்த இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். இதை முந்தின நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் வருகிற அலை ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்றும் சொன்னார். அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்று இன்னொரு எண் இருக்கும். ஒரே உயரம் என்றாலும் 8 விநாடி அலை சோம்பலாக வரும், 14, 15 விநாடி அலை பலமாகத் தூக்கி அடிக்கும். புதியவர்கள் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம் விழுவது எப்படி என்று ஒரு பாடம். காலை ஊன்றிக் குதிக்கக் கூடாது, தலைகீழாகப் பாயக் கூடாது. தட்டையாக, மல்லாக்கவோ பக்கவாட்டிலோ, ஆழமாகப் போகாமல் விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறதென்று தெரியாது. கடல் நம்மை வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, கையை உயர்த்திக் காட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போ. அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிகிற இடம்தான் அந்த நீரோட்டம். பார்க்க அதுதான் பாதுகாப்பான இடம் மாதிரி தெரியும், புதியவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள்.

மொழியில் ஒரு எச்சரிக்கை. நம் மலாய் அங்கே செல்லும், ஆனால் சில வார்த்தைகள் காலை வாரிவிடும். பலகையைக் கரைப் பக்கம் திருப்பச் சொல்லி “பூசிங், பூசிங்!” என்று கத்தினேன். இந்தோனேசியாவில் பூசிங் என்றால் தலைசுற்றல். அவர் பயந்துபோய் என்னைப் பலகையோடு கரைக்கு இழுத்து வந்து, நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நம் ‘பெர்ச்சுமா’ இலவசம், அவர்களுக்கு அது வீண். நம்மிடம் ‘பீசா’ விஷம், அவர்களிடம் முடியும் என்று பொருள். ‘டாயுங்’ துடுப்புப் போடு, ‘பெர்டிரி’ எழுந்து நில், ‘துங்கு’ பொறு. இவை இரண்டு பக்கமும் ஒன்றுதான். தண்ணீரில் இறங்கும் முன்பே நாலைந்து வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அலைச் சத்தத்தில் விளக்கம் கேட்க நேரம் இருக்காது.

அன்று பதினொரு மணி வாக்கில் நான் எழுந்து நின்றேன். மூன்று விநாடியோ நான்கோ. நுரைத் தண்ணீர்தான், உண்மையான அலை இல்லை. பலகை மணலைத் தொட்டு நின்ற பிறகும் நான் இறங்கவில்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தூரத்துக் கோடியில் அவர் பலகையின் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள்தான் கெட்ட நாள். நான் பாடத்தில் இருந்தபோது, கடற்கரையில் வந்து பேச்சுக் கொடுத்த ஒருவர், குறைந்த விலையில் நல்ல அலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று என் வீட்டுக்காரரை அழைத்துப் போனார். பவளப்பாறை மேல் உடைகிற அலை. நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். செராத்திங்கின் மணல் கடலில் பழகியவருக்கு அது புதிது. கூட்டிப்போனவர் நீர்மட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது அலையில் விழுந்தபோது காலில் கட்டிய கயிறு பாறையில் சிக்கி அறுந்துவிட்டது. பலகை போய்விட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் பாறை மேல் தட்டுத் தடுமாறி, இடது தோள்பட்டையிலும் பாதத்திலும் கீறலோடு வந்து சேர்ந்தார். அவர் உயிரோடு வந்தது நீச்சல் தெரிந்ததால்தான்.

பவளக் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் விடக் கூடாது. பவளத்தின் நுண்ணிய துணுக்குகள் உள்ளே தங்கிப் புண் ஆறாமல் சீழ் வைக்கும். விடுதிக்கு வந்ததும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவினேன். அவர் தலையணையைக் கடித்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரிந்த துணுக்குகளை இடுக்கியால் எடுத்தேன். பிறகு ஊரில் இருந்த சிறிய கிளினிக்கில் மருத்துவர் மறுபடி சுத்தம் செய்து, மருந்து போட்டுக் கட்டி, இரண்டு நாள் கடல் வேண்டாம் என்றார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே நினைவில்லை. கிளம்பும் முன் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பவளப்பாறை அலைக்குப் போவதாக இருந்தால் காலுக்கு ரப்பர் காலணி வேண்டும், நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டிப் போகிறவர் தானாக அதைச் சொல்லவில்லை என்றால் அவரோடு போக வேண்டாம்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. “பயந்துட்டேன் மா” என்றார். பாறையைப் பற்றி அவர் சொல்லும்போது நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் எனக்கு அதுதான் தேவைப்பட்டது என்று அவருக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும். நடுராத்திரி, நான் கேட்காமலேயே, என் தலைமுடியைப் பிரித்துச் சீவிவிட்டார். துடுப்புப் போட்டுப் போட்டு என் தோள் கட்டிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல் இருந்தது. அவருடைய இடது தோளிலோ கட்டு. ஒரு கையால் சிக்கெடுத்து, இரண்டு கையால் பின்னினார். மறுநாள் காலை வரை அந்தப் பின்னலை நான் அவிழ்க்கவில்லை.

கடல் இல்லாத நாளில் ஒரு கார் பேசிக்கொண்டு வடக்கே ரிஞ்சானி அடிவாரத்துக்குப் போனோம். 3,726 மீட்டர், இன்னும் உயிருள்ள எரிமலை. நம் கினபாலு மலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உச்சிக்கு ஏற இரண்டு மூன்று நாள் ஆகும். அலைச்சறுக்கையும் அதையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து, உடம்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் தாங்கும். நாங்கள் செனாரு கிராமத்திலிருந்து செண்டாங் கிலே, தியு கெலெப் அருவிகள் வரை மட்டும் நடந்தோம். தெற்கில் காய்ந்து கிடந்த அதே தீவா இது என்று இருந்தது, அவ்வளவு பச்சை.

ரிஞ்சானிக்குப் பக்கத்தில் சமலாஸ் என்று இன்னொரு மலை இருந்ததாம். 1257இல் அது வெடித்துச் சிதறி உள்ளே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில்தான் இப்போது செகாரா அனாக் ஏரி இருக்கிறது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. கிரீன்லாந்துப் பனியிலும் அண்டார்டிகாப் பனியிலும் அதன் தடயம் கிடைத்திருந்தும், எந்த மலை என்று 2013 வரை உறுதியாகத் தெரியாமல் இருந்தது. ஊரே அழிந்த கதையைப் பனையோலைச் சுவடிகளில் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓலைச்சுவடி என்றதும் எனக்கு அது ஏதோ நம் வீட்டுச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. வழியில் ஓடைக்கரையில் சாம்பல் நிறத்தில் கற்கள் கிடந்தன. எடுத்தால் எடையே இல்லை, தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. குதிகால் தேய்க்க நாம் குளியலறையில் வைத்திருக்கும் அதே நுரைக்கல். ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஓட்டுநர் வடக்குப் பக்கத்துக்காரர். 2018 ஆகஸ்ட் 5 இரவு வந்த நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அதன் அளவு 6.9 என்று பதிவானது. அந்த வரிசை நிலநடுக்கங்களில் 500 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவருடைய வீடும் விழுந்து, குடும்பத்தோடு பல மாதம் கூடாரத்தில் இருந்திருக்கிறார். புதிதாகக் கட்டிய வீட்டைக் காட்டினார், தாழ்வான, லேசான கூரையோடு. அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை, சுனாமி வந்தால் ஓட வேண்டிய வழி என்று அம்புக்குறி போட்டிருந்த பலகையைத் தேடி, அந்த வழியில் குன்று வரை நடந்து பார்த்தது. பன்னிரண்டு நிமிடம். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக, நெடுநேரம் ஆடினால் சங்கு ஊதும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

இதற்கு நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த மாதம் சைவம். லொம்போக்கில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை: தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாவு (சோயாக் கட்டி), காடோ காடோ (கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறி), சாதம். காரமும் நம் நாக்குக்கு ஏற்றது. பிளெசிங் கங்குங் என்று கங்கோங் கீரையில் தக்காளிச் சம்பல் போட்டுத் தருவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கும், அங்கே அதன் பெயர் தெராசி. “தன்பா தெராசி”, அதாவது தெராசி இல்லாமல், என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் முகம் சுளிக்காமல் புதிதாக இடித்துத் தருகிறார்கள்.

கடைசி இரண்டு நாளும் கெருபுக் விரிகுடா. மீனவர் கிராமத்திலிருந்து இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய படகில் பத்துப் பதினைந்து நிமிடம் போக வேண்டும். போகிற வழியெல்லாம் சிங்கி இறால் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள். விரிகுடாவுக்குள்ளேயே ஐந்தாறு இடத்தில் வேறு வேறு அளவில் அலை உடைகிறது, அதனால் புதியவருக்கும் பழகியவருக்கும் இடம் உண்டு. ஆனால் அடியில் பாறை. நீர் ஏற்றத்தில் மட்டும், ஆசிரியரோடு மட்டும் இறங்கினேன். காலை ஆறரைக்குப் போய்விட்டால் காற்று எழும் முன் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் கூட்டமும் சேர்ந்துவிடுகிறது. எங்கள் கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன். காதுமடலும் உதடும் தோலுரிந்தன.

மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடிந்திருந்தாலும், கட்டு நனையாமல் இருக்க அவர் முதல் நாள் படகிலேயே இருந்தார். கடைசி நாள் மட்டும் இறங்கினார். என்னிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் “துங்கு... துங்கு...” என்று சொல்லிக்கொண்டே என் பலகையைப் பிடித்திருந்தார். மூன்று அலையை விட்டுவிட்டோம். நான்காவது பின்னால் எழும்புவதை முதுகில் உணர்ந்தேன். தண்ணீர் முதலில் பின்னோக்கி இழுக்கும், பலகையின் வால் தூக்கும், அப்புறம் ஒரு கணம் எல்லாச் சத்தமும் நின்ற மாதிரி இருக்கும். அவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தேன், எழுந்தேன். பச்சை அலை, நுரை இல்லை. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. படகுக்காரர் விசில் அடித்தார். விழுந்து எழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு மேலே வந்தபோது, முதுகில் தாலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

செந்தூல் திரும்பி இப்போது ஒன்றரை மாதம் ஆகிறது. நுரைக்கல் குளியலறையில் இருக்கிறது. மஞ்சள் கயிற்றின் கறை நீச்சல் சட்டையின் முதுகில் ஒரு கை அகலத்துக்குப் பிடித்துக்கொண்டுவிட்டது, இரண்டு தடவை ஊறவைத்தும் போகவில்லை. டிசம்பரில் தாலி பெருக்கு முடிந்ததும் ஒரு வாரக்கடைசி செராத்திங் போகிறோம். அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கரையில் உட்கார்ந்திருப்பாராம். எனக்குக் கொண்டுவர வேண்டிய கயிற்றை இப்போதே மஞ்சள் தேய்த்து எடுத்து வைத்துவிட்டார்.